காக்கையின் சொந்தக்காரர்கள்

3.2.25, திங்கள்

ஞானபாக்கியம் வீட்டுக் கல்யாணப் பேனரில், உயிரோடு இருக்கும் தாய்மாமன் படத்துக்கு மாலை போட்டு அச்சடித்துவிட்டேன். கறுப்பு வெள்ளைப் படம், ஒட்டிய கன்னம் — போய்ச் சேர்ந்தவர் என்று நானே முடிவு செய்தேன். மாமன் ஜேசுபாதம் நேரில் கடைக்கு வந்துவிட்டார். "ஏலே, என்னைய எந்தக் கல்லறையில பொதைச்ச?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

6.2.25

மகள் ஜெனிஸ் கல்லூரிக் கண்காட்சிக்கு ஆறடிப் பேனர் கேட்டாள். 'காகமும் அதன் உறவுக் குடும்பங்களும்.' துறைமுகத்துக் காக்கைகளைக் கணக்கெடுக்க ஆள் எடுக்கிறார்களாம். அவளுக்கு அந்த வேலைமேல் ஆசை. ஆள் எடுக்கும் பேராசிரியர் செந்தூர்வேல் சார் பேனரையும் பார்த்துத்தான் முடிவு செய்வாராம்.

"ஒரு எழுத்துகூட மாத்தாதீங்கப்பா. உங்க கை சும்மா இருக்காது."

"ஏளா, நான் என்னத்த மாத்தப்போறேன்?"

8.2.25

ஜெனிஸ் தந்த பறவைப் படங்களை வரிசையாகப் பார்த்தேன். வால்காக்கை — சரி. இரட்டைவால் குருவி — கறுப்பு, அதுவும் சரி. மஞ்சள் மாங்குயிலுக்கும் காக்கைக்கும் எந்த வழியில் சொந்தம்? இருபது வருடமாகப் பேனரில் சொந்தக்காரர்களை வரிசைப்படுத்துகிறவன் நான். பிள்ளை அவசரத்தில் தப்பாக ஒட்டியிருக்கிறாள் என்று மாங்குயிலைத் தூக்கிவிட்டுக் கருங்குயிலை வைத்தேன். நிறமும் அதே, வளர்ந்ததும் காக்கை வீட்டில்.

10.2.25

பேனரை நானே கல்லூரிக்குப் போய்க் கட்டினேன். ஜெனிஸும் செந்தூர்வேல் சாரும் ஒன்றாக வந்தார்கள். சாரின் விரல் நேராகக் குயிலில் போய் நின்றது.

"இதை யாரு வச்சது?"

ஜெனிஸ் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "என் தப்பு சார்."

"சொந்தப் பேனரையே சரிபாக்காத பொண்ணு, துறைமுகத்துல காக்காய எப்படிம்மா எண்ணுவ?"

நான் ஏணிமேல் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். வாய் இருந்தது. இருந்து?

11.2.25

மன்னித்துவிடு என்றேன். "பதினேழாம் தேதி இன்டர்வியூ, படிக்கணும்பா" என்றாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

12.2.25

கடையைச் சாத்திவிட்டு சாரைப் பார்க்கப் போனேன். மாற்றியது நான்தான், பிள்ளைக்குத் தெரியாது என்றேன். உட்காரவைத்து அரைமணி நேரம் பாடம் எடுத்தார். நிறத்தையும் வளர்ந்த வீட்டையும் பார்க்கக்கூடாதாம், வம்சத்தைப் பார்க்க வேண்டுமாம். மாங்குயில், இரட்டைவால் குருவி, கீச்சான் எல்லாம் காகத்தின் பங்காளிகள். காக்கை பாடும் பறவைகளில் சேர்த்தியாம். குயில் சேராதாம்.

"காதுன்னு ஒண்ணு இருக்கே சார்" என்றேன்.

"தொண்டையோட அமைப்ப வச்சுப் பிரிக்கிறது அண்ணாச்சி, காத வச்சு இல்ல."

வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

17.2.25

இன்டர்வியூ. பேனர் ஒன்றிலும் மனசு ஓடவில்லை.

19.2.25

ஜெனிஸுக்கு வேலை கிடைத்துவிட்டது. அவளே நெத்திலி வாங்கிவந்து குழம்பு வைத்தாள். கீச்சானைப் பற்றிக் கேட்டார்களாம், கப்பலேறிப் போகும் காக்கைகளைப் பற்றிக் கேட்டார்களாம். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாளாம்.

"அந்தக் குயிலப் பத்தி சார் வாயே தெறக்கலப்பா. மறந்துட்டாரு போல."

"மறந்திருப்பாரு" என்றேன்.

நான் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன் என்பது நுனிநாக்கு வரை வந்தது. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னேன்.