மூக்கை நம்பிய ஐஸ் கம்பெனி

மார்ச் 3, செவ்வாய்

வணிகர் சங்கச் செயலாளர் வந்திருந்தார். கண்ணாடிக் கடைக்காரர். ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவர், தன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜை முழுக்கத் தேடுவார். இந்த மாதக் கடைசியில் சங்க மண்டபத்தில் ஒரு கூட்டமாம். இந்தப் பக்கத்தில் தொழில் செய்து முன்னுக்கு வந்தவர்கள் மேடையில் உட்கார்ந்து, எப்படி வந்தோம், என்ன கற்றுக்கொண்டோம் என்று சொல்ல வேண்டுமாம். அச்சகம் நடத்தும் அம்மா, லாரி செட்காரர், அப்புறம் ஐஸ் கம்பெனி நான்.

"தலைவரே, உங்க வெற்றிக்கு என்ன ரகசியம்னு கேப்பேன். நீங்க வழக்கம்போல மூக்கைத் தொட்டுக் காட்டுங்க. கைதட்டல் பிச்சுக்கும்."

தொட்டுக் காட்டினேன். சிரித்துக்கொண்டே போனார்.

அவர் போனதும் டிராயரிலிருந்து தலைவலித் தைலத்தை எடுத்துத் திறந்து மூக்குக்குக் கீழே வைத்தேன். கண் கரித்தது. வாசம் வரவில்லை. போன மாதச் சளிக்காய்ச்சலோடு போனது. காய்ச்சல் போய்விட்டது, சளி போய்விட்டது, இது மட்டும் திரும்பி வரவில்லை.

மார்ச் 4, புதன்

இன்றும் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

வீடு முழுக்க மோந்து பார்த்தேன். சோப்பு, மண்ணெண்ணெய், பூண்டு, என் செருப்பு. அந்தச் செருப்பிலேயே ஒன்றும் தெரியவில்லை என்றால் நிலைமை மோசம்தான். கடைசியில் வீட்டுக்காரியின் தலையெண்ணெய்ப் புட்டியில் மூக்கை விட்டுக்கொண்டிருந்தபோது அவளே வந்துவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"உன் வாசம் எப்படின்னு மறந்துபோச்சு. அதான்."

"இத்தனை வருஷமா இல்லாத ஆசை இப்ப எங்கேருந்து வந்துச்சு? மூடியை ஒழுங்காப் போட்டுட்டு வாங்க."

சிரித்துக்கொண்டே போனாள். நானும் சிரித்தேன். மூடி மட்டும் சரியாக உட்காரவில்லை.

மார்ச் 7, சனி

எழுதினால் பயம் குறைகிறதா பார்க்கலாம்.

தண்ணீரை ஐஸாக உறைய வைப்பது அமோனியா வாயு. குழாய்க்குள் ஓடுகிறவரை அது நம் வேலைக்காரன். வெளியே வந்தால் எமன். கொஞ்சம் கசிந்தால் கண் எரியும், நிறைய வந்தால் மூச்சு நிற்கும். நான் இந்தக் கம்பெனிக்கு ஐஸ் கட்டி தூக்கும் கூலியாக வந்தவன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. தோளில் சாக்கு, கையில் கொக்கி. ஒருநாள் மெஷின் ரூம் பக்கம் போகும்போது "கசியுது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்போதைய முதலாளி மட்டும் மெஷினை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். கசிந்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்கே கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு என்னை மெஷின் ரூமில் போட்டார். அங்கிருந்து பங்குதாரர், பிறகு முதலாளி, பிறகு சங்கத் தலைவர். எல்லாம் இந்த மூக்கு போட்ட சோறு.

அதிலிருந்து இங்கே ஒரு பழக்கம். ராத்திரி மெஷின் ஓடாது. காலையில் ஆட்கள் வாசலில் நிற்பார்கள். நான் மட்டும் உள்ளே போய் ஒரு சுற்று மோந்துவிட்டு வந்து "சரி" என்பேன். அப்புறம்தான் எல்லாரும் உள்ளே. மற்ற ஐஸ் கம்பெனிகளில் சுவரில் ஒரு பெட்டி இருக்கும், கசிந்தால் கத்தும். ஆபீஸைப் பார்த்துக்கொள்வது என் மகள். இங்கேயும் ஒன்று மாட்டலாம் என்று ஒருநாள் எல்லார் எதிரிலும் சொன்னாள். "பெட்டிக்குச் சளி பிடிச்சா யாரும்மா சிந்தி விடுறது?" என்று கேட்டேன். சிரித்துச் சிரித்து ஆட்களுக்கு வயிறு வலித்தது. பெட்டிப் பேச்சு அதோடு போயிற்று.

இப்போது சளி பிடித்தது எனக்கு. தினமும் உள்ளே போகிறேன். மூச்சை இழுக்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. வெளியே வந்து "சரி" என்கிறேன்.

எதை வைத்துச் சரி?

மார்ச் 10, செவ்வாய்

பல் டாக்டரிடம் போகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு மூக்கு டாக்டரிடம் போனேன். டாக்டரம்மாவுக்கு என் பேத்தி வயது இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"காய்ச்சல்ல நரம்பு அடிபட்டிருக்கு. திரும்பி வரலாம். வராமலும் போகலாம். உங்க வயசுக்கு..." என்று இழுத்தாள். "என்ன தொழில் பண்றீங்க?"

"ஐஸ் கம்பெனி."

"அப்ப என்ன கவலை தாத்தா? ஐஸுக்கு ஏது வாசனை!"

நான் சொல்லியிருக்க வேண்டிய ஜோக். சிரித்துவிட்டு வந்தேன். படி இறங்கும்போது கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 13, வெள்ளி

கந்தகத் திரி என்று ஒன்று உண்டு. கொளுத்திக் குழாய் மூட்டுகளில் காட்டினால், கசிகிற இடத்தில் வெள்ளையாகப் புகை எழும். மூக்கு வேண்டாம், கண் போதும். பழைய அலமாரியில் ஒரு கட்டு கிடந்தது. இன்று காலை அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். என் கம்பெனிக்குள் நானே திருடன் மாதிரி.

கொளுத்தியதுதான் தாமதம், வாசற்படியில் யாரோ இருமினார்கள். ஆப்பரேட்டர். இருபது வருஷமாக மெஷினைப் பார்த்துக்கொள்கிறவன். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். மௌனசாமி என்று பெயர் வைத்தது நான்தான். இப்போது அவன் பெண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாளாம்.

"என்ன மொதலாளி, திரியெல்லாம்?"

"சுருட்டு தீந்துபோச்சுடா. இதையாவது பிடிக்கலாம்னு பார்த்தேன்."

சிரித்துவிட்டான். நான் திரியைத் தண்ணீரில் அமுக்கிவிட்டு வெளியே வந்து "சரி" என்றேன்.

சொல்லியிருக்கலாம். அவனும் நானும் மட்டும்தான் இருந்தோம். ஏன் சொல்லவில்லை? எனக்கு முன்னால் என் வாய் ஓடிவிடுகிறது. மூக்கு இல்லை என்று தெரிந்தால் நான் யார்? கொக்கி தூக்கவும் தெம்பில்லாத ஒரு கிழவன்.

மார்ச் 17, செவ்வாய்

சாயங்காலம் வீட்டுக்காரி பால் கொடுத்தாள். குடித்தேன். "எப்படி இருக்கு?" என்றாள். "உன்னை மாதிரியே இனிப்பா இருக்கு" என்றேன். வழக்கமாக ஒரு கொட்டு விழும். இன்று விழவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

நாளைக்குக் கட்டாயம் மகளிடம் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 18, புதன்

சொல்லவில்லை.

மார்ச் 19, வியாழன்

எழுத வரல. கையெல்லாம் எரியுது.

காலைல உள்ள போனேன், வந்தேன், சரின்னேன். மௌனசாமி நகரல. என் மூஞ்சியையே பார்த்துட்டு நின்னான். ஏதோ கேக்க வாயெடுத்தான். நான் விட்டேனா? "எல்லாரும் கும்பிட்டுக்கங்கப்பா, சாமி வாய் திறக்கப்போகுது"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் தலையக் குனிஞ்சிட்டு உள்ள போயிட்டான்.

மத்தியானம் வால்வு பிச்சுக்கிச்சு. அவன் அது பக்கத்துல ஸ்பேனரோட நின்னிருக்கான். வாயு நேரா மூஞ்சில. ஆளுங்க கத்திக்கிட்டே வெளிய ஓடி வந்தாங்க. எண்ணிப் பார்த்தா அவன் இல்ல. நான் சாக்கை நனைச்சு மூஞ்சில சுத்திக்கிட்டு உள்ள போனேன். கண்ணு நெருப்பு. தொண்டை அடைச்சுக்கிச்சு. மூக்குல மட்டும் ஒண்ணுமே இல்ல. சுத்தமா ஒண்ணுமே இல்ல. அதுதான் பயம். செத்துப்போனா இப்படித்தான் இருக்குமோ?

தட்டுத்தடுமாறி மெயின் வால்வை மூடினேன். அவன் காலைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். மூச்சு இருந்துச்சு.

இருக்கணும். இருக்கணும். நான் யாரைக் கேக்கறது?

மார்ச் 20, வெள்ளி

உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். கண்ணில் கட்டு. நெஞ்சில் புண். பேசக் கூடாது என்று நர்ஸ் சொன்னாள். இத்தனை வருஷம் பேசாதவன், பேசக் கூடாது என்றதும் பேசினான்.

"முந்தா நாள் சாயங்காலமே லேசா வாசம் வந்துச்சு மொதலாளி. நேத்துக் காலைல வாசல் வரைக்கும் வந்துச்சு. கேக்கலாம்னுதான் நின்னேன். ஆனா நீங்களே சரின்னுட்டீங்க. அப்ப என் மூக்குலதான் கோளாறுன்னு நெனச்சுட்டேன். முன்னாடியே பார்த்திருக்கணும். மன்னிச்சுக்கங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

அவன் கண்ணில் கட்டு இருந்தது. என் முகத்தை அவன் பார்க்கவில்லை. அதைவிடக் கேவலம், பார்க்கவில்லையே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

ஊரெல்லாம் என்னைப் புகழ்கிறது. இந்த வயதில் உள்ளே பாய்ந்து ஆளைக் காப்பாற்றிய முதலாளி. செயலாளர் போன் செய்து, "தலைவரே, கூட்டத்துல கடைசியா உங்களை வெச்சிருக்கேன். இனி உங்களுக்கு அப்புறம் யார் பேசி எடுபடும்?" என்றார்.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்குப் பால் அடிபிடிச்சுக் கருகியிருந்துச்சு. வேணும்னேதான் கொடுத்தேன். இனிக்குதுன்னீங்க."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். உங்க விஷயத்துல எல்லாரும் அப்படித்தானே இருக்கோம்?"

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் திட்டவில்லை.

நான் ஒரு வார்த்தை "சரி" என்றால் வீட்டில் கருகின பாலைக்கூட யாரும் கருகினது என்று சொல்ல மாட்டார்கள். நான் இவ்வளவு பெரிய ஆளாக எப்போது ஆனேன்?

மார்ச் 27, வெள்ளி

மண்டபம் நிறைந்திருந்தது. அச்சகக்கார அம்மா அழகாகப் பேசினார். லாரி செட்காரர் அழுதுவிட்டார். அப்புறம் நான். காலர் நனைந்து கழுத்தில் ஒட்டியது. கத்தி பிடித்தவன் எதிரில் நின்றாலும் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"உங்க வெற்றிக்கு என்ன ரகசியம் தலைவரே?"

மூக்கைத் தொட்டேன். கைதட்டல். அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, "இது செத்துப்போய் ஒரு மாசம் ஆச்சு" என்றேன்.

மண்டபமே சிரித்தது.

"நெசமாத்தான். எனக்கு எந்த வாசமும் தெரியாது. சும்மா உள்ள போய் சும்மா வந்து சரின்னு சொல்லிட்டிருந்தேன்."

இன்னும் பெரிய சிரிப்பு. முன்வரிசையில் ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காலமெல்லாம் கிண்டல் பண்ணினதற்குக் கூலி. உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை. அந்தச் சிரிப்போடு அப்படியே இறங்கி வந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னேன், நீங்கள்தான் நம்பவில்லை என்று காலத்துக்கும் தப்பித்துக்கொள்ளலாம்.

மகளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஆப்பரேட்டருக்கு வாசம் வந்துச்சு. நான் சரின்னதால அவன் தன் மூக்கை நம்பல. கேக்க வந்தவனை நான் கிண்டல் பண்ணி உள்ள அனுப்பினேன். அவன் இப்ப கண்ணுல கட்டோட கிடக்கான். இதுல சிரிக்க என்ன இருக்கு?"

சிரிப்பு துண்டு துண்டாக நின்றது. பின்வரிசையில் ஒருத்தர் மட்டும் கடைசிவரை சிரித்துக்கொண்டிருந்தார். செயலாளர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

காரில் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்புறம், "நாளையிலேருந்து முதல் ஆளா நீங்க உள்ள போகக் கூடாதுப்பா" என்றாள். குரல் உடைந்திருந்தது. கோபமா, அழுகையா தெரியவில்லை.

"சரி" என்று சொல்ல வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

ஏப்ரல் 9, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போய் அவனிடமும் சொன்னேன். கட்டு பிரித்த பிறகுதான் சொன்னேன், அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. ஆரஞ்சு உரித்து முழுப் பழத்தையும் அவனே தின்றான். எனக்கு ஒரு சுளைகூடத் தரவில்லை.

ஜூன் 11, வியாழன்

மௌனசாமி வேலைக்குத் திரும்பி நாலாவது நாள். வலது கண் இன்னும் கொஞ்சம் சிவப்புதான்.

சுவரில் பெட்டி மாட்டியாகிவிட்டது. ஓரத்தில் பச்சை விளக்கு எரியும். ஆனாலும் மகள் வைத்த சட்டம், தினம் ஒருத்தர் முதலில் உள்ளே போய் வர வேண்டும். இன்று அவன் முறை. நான் ஆட்களோடு வாசலில் நின்றேன். இந்த வாசலில் நின்று உள்ளே போனவன் வரக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. அவன் காலடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டே இருந்தேன். இவர்கள் தினமும் இப்படியா நின்றார்கள்?

வந்தான். முகம் சுருங்கியிருந்தது.

"லேசா வருது" என்றான்.

இன்னொருத்தன் எட்டிப் பார்த்துவிட்டு, "பெட்டி கத்தலியே, பச்சைதானே எரியுது" என்றான். சந்தில் ஐஸ் ஏற்ற வந்த மீன் வண்டிகள் வரிசையாக ஹாரன் அடித்தன. எனக்கு ஒரு வாசமும் இல்லை. மௌனசாமி பெட்டியைப் பார்த்தான். வண்டிகளைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அதே பார்வை. அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

நாக்கு நுனி வரை வந்தது. என்ன வந்தது என்று எனக்கே தெரியாது, சரியா, கிண்டலா. பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டேன். முன்னால் நின்ற மீன் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படித்தேன். மறுபடியும் படித்தேன்.

எனக்குப் பின்னால், இருபது வருஷத்தில் நான் கேட்டிராத சத்தத்தில், அவன் கத்தினான்.

"யாரும் உள்ள போகாதீங்க!"