லாரிக்காரர் மோனை படித்தது

புராவோ,
வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து

அன்பு மகள் ஹிபாக்குக்கு அம்மா தஹபோ எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அப்பாவும் ஆடுகளும் சுகம், அங்கே மொகதிஷுவில் நீயும் சுகமாக இருந்து வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன், உன்னைப் பற்றி அதை நம்புவது கொஞ்சம் கஷ்டமாக இருந்தாலும். மழை இந்தத் தடவை ஏமாற்றவில்லை, ஊரைச் சுற்றிப் பச்சை, சந்தையில் பால்காரிகள் கூடச் சிரித்துப் பேசுகிறார்கள். உன் அக்கா பிலனுக்கு மறுபடியும் பெண் குழந்தை, அவள் மாமியார் முகத்தை நொடித்துக்கொண்டு பார்க்க வந்தாள், பார்த்தால் குழந்தை அச்சு அசல் அந்த மாமியார் ஜாடை, படைத்தவன் நியாயக்காரன் என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

நீ காத்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். முடிவு நல்லது, அதனால் பதறாமல் படி. உன் அப்பாவும் தனியாக எழுதுவார், அதில் பாதிக்கு மேல் உயர்வு நவிற்சியாக இருக்கும், எனக்கு இந்த வார்த்தை எல்லாம் எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய், இந்த இரண்டு மாதமாக இந்த வீட்டில் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாமல் போகுமா. மஹத்துக்காக அவன் சித்தப்பா ஹிர்ஸி பெர்பெராவிலிருந்து உன்னைப் பெண் கேட்டு அனுப்பிய கேசட் வந்த நாளில் ஆரம்பித்தது. என்ன குரல் அந்த மனிதருக்கு! அடிக்கு அடி ‘ம’ என்ற மோனை, ஓர் இடம் கூடப் பிசகவில்லை. உங்கள் மகள் நல்ல பெண்ணொட்டகம், எங்கள் பட்டிக்கு வருகிறாள், வந்துவிட்டால் மேய்ச்சலை மறந்து பட்டிக்குள்ளேயே மனநிறைவாகப் படுத்திருப்பாள் என்று பாடியிருந்தார். நான் சொக்கிப்போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உன் அப்பா மட்டும் திரும்பப் போடு, திரும்பப் போடு என்று கேட்டுவிட்டு, “என்ன சொல்றான்னு கேட்டியாடி? கல்யாணம் முடிஞ்சா என் பொண்ணு வேலைக்கு முழுக்குப் போடணுமாம். ஒட்டகத்த முன்னால விட்டு நைசா சொல்லிட்டான்” என்றார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மஹத் நல்ல பையன், எனக்குச் சம்மதம், ஆனால் ஆஸ்பத்திரி வேலையை மட்டும் விடமாட்டேன், அதை முன்னாலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்று நீ எழுதியிருந்ததை எடுத்து மறுபடியும் படித்தோம்.

சொல்வது எப்படி என்பதுதான் சங்கடம். பாட்டில் கேட்டவனுக்கு வெறும் பேச்சில் பதில் சொன்னால் செருப்பால் அடித்த மாதிரி, அதுவும் அவன் எடுத்த மோனையிலேயே சொல்ல வேண்டும். பேச்சாகச் சொன்னால் அப்போது தலையாட்டுவார்கள், நாளைக்கு அப்படி ஒன்றும் சொல்லவில்லையே என்பார்கள். சபையில் பாட்டாகச் சொல்லிவிட்டால் கேட்டவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம், அப்புறம் யார் மாற்ற முடியும்? உன் சித்தப்பா ஆதன், ஊரில் கவிராயர்களுக்கா பஞ்சம், ஒருவரைப் பிடிப்போம் என்றார். உன் அப்பா கேட்கவில்லை. “கவிராயர் ஒட்டகத்தோட கண்ணப் பாடுவாரு, திமிலப் பாடுவாரு, கைதட்டு வாங்குவாரு, என் பொண்ணு சொன்னத மறந்துட்டுப் போயிடுவாரு. நானே கட்டறேன்” என்றார். ஷேக் மலை ஏற்றத்தில் காலமெல்லாம் லாரி ஓட்டியதும் ஹாரன் அடித்ததும் தவிர இந்த மனிதருக்குச் சந்தத்தோடு என்ன சம்பந்தம்?

நம் பின்தெருவில் பள்ளிக்கூடத்தில் இலக்கியம் நடத்தும் ஷுக்ரி இருக்கிறாளே, உன்னோடு படித்தவள், அவளிடம் போய் உட்கார்ந்தார். தினம் சாயங்காலம் அவள் வீட்டு முற்றத்தில் பாடம், அவள் ஒரு கையில் மாவைக் கலக்கிக்கொண்டே சொல்லிக்கொடுப்பாள். ஒவ்வொரு அரை அடியிலும் ‘ம’வில் தொடங்கும் சொல் ஒன்றாவது வேண்டும், ஓசை அளவு மிஞ்சக்கூடாது. உன் அப்பா எழுதியதைப் படித்துவிட்டு அவள், “மாமா, ஓவர்லோடு. அடி தாங்காது, ரெண்டு மூட்டை இறக்குங்க” என்றாளாம். அந்த ஒரு பேச்சில் அவருக்கு யாப்பு புரிந்துவிட்டது. அப்புறம் வீட்டில் ‘ம’வைத் தவிர மற்ற எழுத்துக்கு மரியாதை இல்லை. கறியில் உப்பு இல்லை என்று சொல்லமாட்டார், மணமில்லை என்பார். ஒரு நாள் தண்ணீர் எடுத்து வரச் சொன்னதைக் காதில் வாங்காமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தார், உங்கள் தலை காலிப் பால்குடம் மாதிரி இருக்கிறது என்று திட்டினேன். கோபம் வரவேண்டுமே! “நீ சொன்னது உவமை. அந்த ‘மாதிரி’ய எடுத்துட்டா உருவகம்” என்று எனக்குப் பாடம் எடுத்தார். சரி என்று ‘மாதிரி’யை எடுத்துவிட்டேன். “பால்குடமே, எந்திரிச்சுப் போய்த் தண்ணி கொண்டா” என்றேன். இன்றைக்கு வரைக்கும் உன் சித்தப்பா அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார். நாங்கள் பெண்கள் கல்யாண வீட்டில் காலம் காலமாகப் பாடித்தான் வருகிறோம், எங்களுடைய சந்தம் வேறு, அதில் செய்ததற்கெல்லாம் ஒரு பேர் இருக்கிறது என்று எனக்கும் இப்போதுதான் தெரியும். தெரிந்தது சந்தோஷமாகத்தான் இருக்கிறது, அவரிடம் சொல்லிவிடாதே.

ஒட்டகத்தில்தான் சிக்கல் வந்தது. எதிராளி எடுத்த உருவகத்தை விடாமல் பிடித்துத்தான் பதில் சொல்ல வேண்டும், அதுதான் அழகு என்று ஷுக்ரி நல்ல நல்ல ஒட்டக வரியாகக் கட்டிக்கொடுத்தாள். இவருக்கோ ஒட்டகத்தின் முன்பக்கம் பின்பக்கம் தெரிந்தாலே அதிகம். “ஒட்டகம்னு ஒத்துக்கிட்டா பட்டியையும் ஒத்துக்கணுமேம்மா” என்று சொல்லி, தானாக ஒரு லாரி வரி கட்டிக்கொண்டு போனார். அவள் சிரித்துவிட்டாள். பாட்டில் லாரியா, பெரியவர்கள் முன்னால் மானம் போய்விடும் மாமா என்று அந்த வரியை அடித்துவிட்டாள். அன்று வந்து சாப்பிடாமல் படுத்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை ஹிர்ஸி ஆட்களோடு வந்து வேல மரத்தடியில் உட்கார்ந்தார். ஆட்டுக் கறியும் ஏலக்காய்த் தேநீரும் முடிந்தது. பெண்கள் நாங்கள் வேலிக்குப் பின்னால், ஷுக்ரி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உன் அப்பா எழுந்து மகளைத் தருகிறேன் என்று தொடங்கினார், குரல் நடுங்கினாலும் மோனை நின்றது. பிறகு ஒட்டகத்துக்கு வந்தார். ஹிர்ஸி சௌக்கியமாகச் சாய்ந்துகொண்டு தலையாட்டினார், பட்டிக்கதவு சாத்தியாகிவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்த இடத்தில் உன் அப்பாவுக்கு வரி நின்றுபோனது. மறந்ததா, வாய் வரவில்லையா என்று கேட்டால் இப்போதும் சொல்லமாட்டேன் என்கிறார். யாரோ இருமினார்கள். என் மகள் இதை எங்கள் கையில் ஒப்படைத்தாளே என்று நான் வேலி இடுக்கில் எட்டிப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார், மலை அடிவாரத்தில் கியர் மாற்றுகிறவர் மாதிரி, ஒட்டகத்தை அங்கேயே விட்டுவிட்டு முதலிலிருந்து எடுத்தார்:

மகளைத் தருகிறேன், மனமாரத் தருகிறேன்;
மருந்தும் ஊசியும் மறக்காத கையவள்;
மலையேறும் வண்டியை மரத்தடியில் நிறுத்திவைத்து
மறியாடு கட்டுவரோ, மதியுள்ள மனிதரே?

ஷுக்ரி என் கையை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஹிர்ஸி நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசி இரண்டு அடியையும் மெதுவாகத் தன் வாயால் திருப்பிச் சொன்னார், இன்னொரு தடவை சொன்னார், அவர் பக்கத்து ஆட்களும் கூடச் சேர்ந்து சொன்னார்கள். அப்புறம் தொடையில் தட்டிச் சிரித்தார். “சம்பந்தி, வண்டி ஓடட்டும், யாரு தடுத்தா? டீசல் யாரு போடறதுன்னு மட்டும் சொல்லிடுங்க” என்றார். “அது மாப்பிள்ளை பாடு” என்றார் உன் அப்பா. எல்லாரும் சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டன. நான் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். மறுநாள் பால் வாங்கப் போனால் எனக்கு முன்னாலேயே பாட்டு சந்தைக்குப் போயிருந்தது, முகம் தெரியாத பால்காரி என்னிடமே அதைச் சொல்லிக்காட்டுகிறாள். ஷுக்ரி தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு உருவகம் நடத்த இந்த வரியைத்தான் எடுக்கிறாளாம், உன் அப்பா பள்ளிக்கூடத்து வழியாகச் சுற்றிக்கொண்டு மசூதிக்குப் போகிறார்.

நெய்யில் போட்ட உலர்ந்த கறி ஒரு டப்பா ஆதன் சித்தப்பா கையில் கொடுத்தனுப்புகிறேன், கூட வேலை செய்கிறவர்களுக்கே எல்லாம் கொடுத்துவிடாமல் நீயும் தின்னு. ஈரத் தலையோடு படுக்காதே. மஹத்திடம் அளவாகப் பேசு, அதிகமாகச் சிரிக்காதே, கொஞ்சம் சிரி. மழை முடிந்ததும் கல்யாணம், லீவு சொல்லி வை. நீ பிள்ளை குட்டியோடும் உன் கைவேலையோடும் நிறைந்து வாழ அல்லாஹ் துணை இருப்பான், உன் அப்பாவின் துஆவும் என்னுடைய துஆவும் எப்போதும் உனக்கு உண்டு.

ஒன்றை மறக்காதே அம்மா. அந்த நான்கு அடியையும் மனப்பாடம் செய்துகொள். என்றைக்காவது அந்த வீட்டில் யாராவது உன்னை வீட்டோடு இரு என்றால் சண்டை போடாதே, அழாதே. மலையேறும் வண்டியை என்று மட்டும் தொடங்கு. மீதியை அவர்களே சொல்லி முடிப்பார்கள்.

உன்னைப் பெற்றவள்,
தஹபோ