தருமுவுக்காக நான் எழுதிய கடிதம்

14 ஜூன் 1952, சனி

கீழே கடையில் ஐயா மிளகாய் மூட்டை பிரித்திருக்கிறார். மாடியில் எல்லோருக்கும் தும்மல்.

‘சித்திரமாலை’யில் வரும் ‘நீலப் பங்களா விமலா’ தொடர்கதையில் இருபத்திரண்டாவது வாரம் படித்து முடித்தேன். விமலா இந்த வாரமும் அழுதாள். சென்ற வாரம் தூணைப் பிடித்துக்கொண்டு, இந்த வாரம் வீணையைப் பிடித்துக்கொண்டு. ரகுநாதன் திரும்பி வருவான் என்று நமக்கெல்லாம் தெரிகிறது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை. அந்த ரகுநாதனோ, கப்பலிலிருந்து இறங்கியதும் கடலைப் பார்த்து ஒரு பக்கம் பேசுகிறான். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவள். இறங்குகிறவர்கள் கடலையா பார்ப்பார்கள்? பெட்டியைத்தான் பார்ப்பார்கள்.

எனக்குப் பிடித்தவள் தருமு. அந்தப் பங்களாவின் மூத்த மருமகள். வாரத்துக்குப் பத்து வரிகூட வரமாட்டாள். பிறந்த வீட்டோடு பேச்சே கூடாது என்று மாமனார் சொல்லிவிட்டார். அவளோ வெளுப்புக்குப் போடும் துணிக் கணக்குச் சீட்டின் பின்பக்கத்தில் அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். அகப்பட்டுக்கொள்வாளோ என்று அடுத்த இதழ் வரும்வரை பயந்துகொண்டே இருக்கிறேன். விமலாவுக்காக ஒரு நாளும் இப்படிப் பயந்ததில்லை.

20 ஜூன், வெள்ளி

பக்கத்து வீட்டு சுகிர்தம் டீச்சர் புது இதழ் தந்தார். அவர்தான் சந்தா கட்டுகிறவர். படித்துவிட்டு எனக்குத் தருவார், ஐயா கண்ணில் படாமல். ஐயாவுக்குக் கதை என்றாலே ஆகாது.

வாசகர் பகுதியைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ‘உண்மை விரும்பி, கும்பகோணம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘மாமனாரை ஏமாற்றிக் கடிதம் எழுதும் மருமகள் தமிழ்க் குடும்பங்களில் கிடையாது. தருமுவை ஆசிரியர் எங்கிருந்து பிடித்தார்?’

எங்கிருந்தா? ராயபுரத்துக்கு வந்து பாரும்!

22 ஜூன், ஞாயிறு

எழுதிவிட்டேன். நாலு பக்கம். தருமு பொய்யில்லை என்பதற்கு ருசு வேண்டாமா? எங்கள் மதினியைச் சொன்னேன்.

இசக்கி மதினி தவசிமுத்து அண்ணனின் மனைவி. மதினியின் தங்கை கலியாணத்துக்குத் தூத்துக்குடிக்குப் போனபோது ஐயாவை முதல் பந்தியில் உட்கார வைக்காமல் இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றோடு போக்குவரத்து நின்றது. கடிதமும் கூடாது. இரண்டு வருஷமாயிற்று. போன ஐப்பசியில் மதினியின் அப்பாவுக்கு வாதம் வந்து படுத்துவிட்டார். அதிலிருந்து மதினி அவள் அம்மாவுக்கு எழுதுகிறாள். நான் கொண்டுபோய்ப் போடுகிறேன். பதில் சுகிர்தம் டீச்சர் விலாசத்துக்கு வரும். நான் வாங்கி வருவேன். எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

‘பெயரும் முழு விலாசமும் இல்லாத கடிதங்கள் ஏற்கப்பட மாட்டா’ என்று போட்டிருந்தது. அது அவர்கள் ஆபீசுக்கு. அச்சில் ‘உண்மை விரும்பி’ என்கிற மாதிரி ஏதாவது போட்டுக்கொள்வார்கள். ஆகவே முழுவதும் எழுதினேன்.

11 ஜூலை, வெள்ளி

வந்துவிட்டது. என் எழுத்து அச்சில்.

கடைசி வரிக்கு வரும்வரை சந்தோஷம். அங்கே — ரா. ஆவுடையம்மாள், ராசையா மளிகைக் கடை மாடி, மீன் மார்க்கெட் தெரு, ராயபுரம்.

ஐயா பேர். கடை பேர். தெரு. ஒன்றையும் விடவில்லை.

‘எங்கள் மதினியும் தருமுவைப் போலத்தான். தலையணை நனைய அழுதுவிட்டு, அடுத்த வீட்டு ஆசிரியை வழியாக யாருக்கும் தெரியாமல் எழுதுகிறாள்...’

என்ன செய்துவிட்டேன்?

12 ஜூலை

டீச்சர் கொல்லைப்புறச் சுவருக்கு அப்பால் நின்று கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

“ஏ பிள்ளை, ஏன் மீதி வச்ச? எம் பேரையும் போட்டிருக்கலாமே! ஒங்க ஐயா வந்து எம் வாசல்ல நின்னு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?”

நான் அழுதேன். “அழுதா அச்சு அழியுமாட்டி?” என்றார். பிறகு, “நல்லாத்தான் எழுதியிருக்க. அதுதான் கஷ்டம்” என்றார்.

மதினியை அனுப்பிவிடுவார்களா? ஐயா சொன்னால் சொன்னதுதான். அண்ணன் எதிர்த்துப் பேசமாட்டான். வாதத்தில் கிடக்கிறவர் வீட்டுக்கு, பெட்டியோடு, இனி திரும்பாதே என்று —

15 ஜூலை

அண்ணன் முடி வெட்டப் போனான். அந்தக் கடை பெஞ்சில் ‘சித்திரமாலை’ கிடக்கும். இரண்டு மணி நேரம் கழித்து வந்தான். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் அரிசிப் பானைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். பதினாலு வயசுப் பெண்!

“என்னட்டி பண்ணுத அங்க?”

“எலி.”

அவன் குளிக்கப் போனான். ஒன்றும் கேட்கவில்லை.

27 ஜூலை, ஞாயிறு

யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு இதழ் வந்துவிட்டது. பழைய இதழை யார் திரும்ப எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்? நேற்று நன்றாகத் தூங்கினேன்.

4 ஆகஸ்ட், திங்கள்

நான் எவ்வளவு முட்டாள்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எங்கள் கடை ஆள் கோதண்டம் கைவண்டியிலிருந்து பழைய காகிதக் கட்டை இறக்கிக்கொண்டிருந்தான். பொட்டலம் மடிக்கத் தினம் ஒரு கட்டு வரும். மண்ணடி, பிராட்வே வீடுகளில் படித்து முடித்துக் கழித்த பத்திரிகைகள். எல்லாம் ஒரு மாதப் பழசு. மேலே ‘சித்திரமாலை’ அட்டை சிரித்தது.

ஊரில் அச்சாகிறதெல்லாம் கடைசியில் எங்கள் கடைக்குத்தான் வருகிறது. ஐயா கைக்குத்தான் வருகிறது. அவர் முழங்காலில் வைத்துப் பக்கம் பக்கமாகக் கிழிப்பார். கிழித்த தாளில் பருப்பு வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் பிரித்து, உதறி, படிப்பார்கள். பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள்.

6 ஆகஸ்ட்

தினம் சாயங்காலம் கட்டைப் பிரித்துத் தேடுகிறேன். கோதண்டம் சிரிக்கிறான்.

“இன்னா பாப்பா, புதையலா தேடிகினு கீற? படிச்ச புள்ள கைய வச்சா கட்டே கலீஜாப் பூடுது. நைனா பாத்தாரு, எனக்குத்தான் பேஜாரு.”

“ஒரு கதை விட்டுப்போச்சு.”

“கதையா? எங்க வூட்டாண்ட வா, பெரிய பெரிய கதை கீது.”

9 ஆகஸ்ட், சனி

இன்றைய கட்டில் இருந்தது. அதே இதழ், மூன்று.

இரண்டில் அந்தத் தாளைக் கிழித்துத் தாவணிக்குள் சொருகினேன். மூன்றாவதை எடுக்கும்போது பின்னால் ஐயா.

“என்னட்டி தேடுத?”

“கணக்குப் பாடம், ஐயா. எழுதிப் பார்க்கத் தாள்.”

“வெத்துத் தாளுக்கா பஞ்சம்? இத இங்க குடு.”

கொடுத்தேன். என் கையாலேயே கொடுத்தேன். கிழித்தார். புளி, கடுகு, கொத்தமல்லி என்று வரிசையாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எந்தப் பொட்டலத்தில் எங்கள் மதினி போனாள் என்று தெரியவில்லை.

10 ஆகஸ்ட்

சோறு இறங்கவில்லை. அம்மா கண் பட்டிருக்கிறது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். அது பொட்டலத்திலிருந்து பிரித்த மிளகாய். தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். சோப்பு விளம்பரம்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

மதினியிடம் சொல்லிவிட்டேன். முடியவில்லை. வேறு யாராவது வந்து சொல்வதற்கு முன்னால்.

கொல்லையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் கை நிற்கவில்லை. பிறகு, “அந்தத் தாளக் காட்டு” என்றாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு மெல்லப் படித்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நான் எப்பமுட்டி தலகாணி நனைய அழுதேன்?”

நான் நெத்திலியைப் பார்த்தேன்.

“சொல்லு. நீ பாத்தியா?”

“இல்ல மதினி. தருமு அழுவா... அதனால...”

“எவளோ ஒருத்தி அழுதா நானும் அழணுமோ? எங்க அப்பா கெடையில கெடக்காவ. நான் ராத்திரி எந்திச்சு என்ன எழுதணும்னு யோசிப்பேன். அழ எங்க நேரம்? இத நாலு பேரு படிச்சா, இந்த இசக்கி அழுமூஞ்சின்னுல்லா சொல்லுவாக.”

அகப்பட்டுக்கொண்டதற்கு ஒரு வார்த்தை இல்லை. அழுததாக எழுதியதற்குத்தான் கோபம். கடைசியில், “பொட்டலத்துல வந்து தெரியாண்டாம். நானே சொல்லிருதேன்” என்றாள்.

வேண்டாம் மதினி என்று காலைப் பிடித்தேன். மீன் நாற்றத்தோடு என் தலையைத் தள்ளிவிட்டாள்.

15 ஆகஸ்ட், வெள்ளி

பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். வாயில் வைத்தது கரையவே இல்லை.

மத்தியானம் ஐயா சாப்பிட உட்கார்ந்தார். மதினி கதவுக்குப் பின்னால் நின்றாள். எங்கள் வீட்டில் மருமகள் மாமனாரோடு நேரே பேசும் வழக்கமில்லை. நாலடி தூரத்தில் நின்றாலும் என்னிடம் சொல்லுவாள், நான் ஐயாவிடம் சொல்லுவேன். ரசம் போதுமா என்பதுகூட அப்படித்தான்.

“ஆவுடை, ஒங்க ஐயாட்ட சொல்லு. நான் எங்க அம்மைக்குக் காயிதம் போடுதேன்.”

நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

“சொல்லுட்டி.”

“ஐயா... மதினி அவுக அம்மைக்குக் காயிதம் போடுதாகளாம்.”

ஐயாவின் கை சோற்றில் நின்றது. “எத்தன நாளா?” என்று என்னைக் கேட்டார்.

“பத்து மாசமா” என்றது கதவு. “பத்து மாசமா” என்றேன். அதோடு நிறுத்தாமல், “பாவம் ஐயா, அவுக அப்பாவுக்கு...” என்று ஆரம்பித்தேன். மதினி விரலால் கதவைத் தட்டினாள்.

“நான் சொன்னத மட்டும் சொல்லு. எங்க அப்பா வாதத்துல கெடக்காவ. கேக்காம இருக்க முடியல. கேட்டேன். இனியும் கேப்பேன்.”

அப்படியே சொன்னேன். ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. ‘இனியும் கேப்பாகளாம்’ என்பதை ஐயாவின் இலையைப் பார்த்துச் சொன்னேன்.

“யாரு கொண்டு போய்ப் போட்டா?”

“யாரையும் இழுக்காண்டாம். எழுதினது நான்” என்றாள் மதினி.

அதை நான் சொல்லவில்லை. “நான்தான் ஐயா போட்டேன். பத்திரிகையில எழுதினதும் நான்தான்” என்றேன். யாரும் சொல்லச் சொல்லாமல் நானாகச் சொன்னது அது ஒன்றுதான்.

பத்திரிகையில் நான் என்ன எழுதினேன் என்று ஐயாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். அம்மா என்னைக் கன்னத்தில் அறைந்தாள்.

16 ஆகஸ்ட்

அண்ணன் அந்தத் தாளைக் கேட்டான். இரண்டு தரம் படித்தான். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். “எங்கிட்டகூடச் சொல்லல” என்றான், என்னிடம் இல்லை, சுவரிடம்.

19 ஆகஸ்ட்

ஐயா மாடிக்கு வருவதில்லை. சோறு கீழே போகிறது. இனிக் காகிதக் கட்டுப் பக்கம் வந்தால் பள்ளிக்கூடம் நின்றுவிடும் என்று அம்மா மூலம் சொல்லி அனுப்பினார். ‘சித்திரமாலை’ வீட்டுக்குள் வரக் கூடாது.

மதினியின் பெட்டி பரண்மேல் இருக்கிறது. தினம் விழித்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

22 ஆகஸ்ட், வெள்ளி

டீச்சரை வழியில் பார்த்தேன். “இந்த வாரம் தருமு மாட்டிக்கிட்டா. மாமனார் சீட்டக் கண்டுபிடிச்சிட்டாரு. கெணத்துல போய் விழுந்துட்டா” என்றார்.

பையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். எங்கள் கொல்லையிலும் கிணறு இருக்கிறது. மீன் மார்க்கெட் தெரு முழுவதும் ஓடினேன், யார் யாரையோ இடித்துக்கொண்டு. மதினி சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

“பை எங்கட்டி?”

இப்போதுதான் மூச்சு வந்து எழுதுகிறேன். அந்த ஆசிரியர்மேல் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. முப்பது வாரம் அவளை வாய் திறக்கவிடாமல் வைத்திருந்து, என்ன பேச வைப்பதென்று தெரியாமல் கிணற்றில் தள்ளிவிட்டார். கும்பகோணத்துக்காரர் சொன்னதில் ஒன்று சரி. இவருக்கு அப்படி ஒரு மருமகளைத் தெரியாது.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ஐயா மாடிக்கு வந்து சாப்பிட்டார். மதினி கதவுக்குப் பின்னால். மோர் ஊற்றும்போது என்னைப் பார்த்து,

“கேளு. அவருக்கு எந்தப் பக்கம் விழுந்திருக்கு?”

“வலப்பக்கம்” என்றது கதவு.

“வலப்பக்கம், ஐயா.”

“சோறு யாரு ஊட்டுதா?”

“எங்க அம்மை.”

“அவுக அம்மை, ஐயா.”

கையைக் கழுவிக்கொண்டு இறங்கிப் போனார். இதற்கு என்ன அர்த்தம்? மதினியிடம் கேட்டேன். “எனக்கு மட்டும் என்ன தெரியும்?” என்றாள்.

6 செப்டம்பர், சனி

தபால்காரர் கடையில் ஒரு கார்டு கொடுத்துவிட்டுப் போனார். டீச்சர் வீட்டுக்கு அல்ல, எங்கள் கடைக்கு. இனி இங்கேயே எழுதச் சொல்லி மதினிதான் அவள் அம்மாவுக்கு எழுதியிருக்க வேண்டும். விலாசத்தில் மதினியின் பேர், அதன் கீழே ஐயா பேர்.

ஐயா விலாசப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபக்கம் திருப்பவில்லை.

“ஏட்டி, ஒங்க மதினிக்கு.”

கார்டில் மூடிவைக்க ஏது? மாடிப்படி ஏறும்போது எழுத்துள்ள பக்கத்தைப் பாவாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மதினி வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். நான் கதவைச் சாத்திவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.