டிவிக்குப் பதில் சொன்னவருக்கு

அப்பா,

ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பேட்டரி மூடி தொலைந்தபோது, உங்கள் கைக்கட்டுக்கு வாங்கிய பிளாஸ்திரியைக் கிழித்து அதன் முதுகில் சுற்றினீர்களே, அது இன்னும் அப்படியே இருக்கிறது. ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. மூக்கருகே கொண்டுபோனால் உங்கள் காயத்துக் களிம்பு வாசம் லேசாக வருகிறது.

அம்மாவுக்கு நாளை மில்லில் காலை ஷிப்ட். விளக்கைப் போட்டால் விழித்துக்கொள்வாள். உங்களுக்கு எழுதுவதைப் பார்த்தால் அழுவாள். அதனால் டார்ச்சைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன்.

இன்று சாயங்காலம் நான் டிவியில் வந்தேன் அப்பா.

நான் நாலாவது படிக்கும்போது கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடி, பாடங்களை டிவியில் நடத்தினார்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் சிங்காநல்லூர் பட்டறையில் பிரஸ் மெஷின் உங்கள் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்திருந்தது. மில் திறந்ததும் அம்மா வேலைக்குப் போனாள். சமையலும் நானும் உங்கள் பொறுப்பு. மூன்று விரலால் எனக்குச் சடை பின்னுவீர்கள். நான் கண்ணாடி பார்ப்பதற்குள் அது பிரிந்துபோகும். "டிவி டீச்சருக்கு உன்ற சடை தெரியாது கண்ணு, வா வந்து உக்காரு" என்பீர்கள்.

என் பாடம் முடிந்ததும் ஒன்றாம் வகுப்புக்கான பாடம் வரும். மஞ்சள் சேலை கட்டிய ஒரு டீச்சர். கேள்வி கேட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் பிள்ளைகள் பதில் சொல்லட்டும் என்று சிரித்தபடி சற்று நேரம் நிற்பார். முதல் நாள் ஒரு அட்டையைக் காட்டி, "இது என்ன எழுத்து, சொல்லுங்க பார்க்கலாம்" என்றார். நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். அவர் காத்திருந்தார். உங்களால் அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை.

"தெரியலீங்க டீச்சர்" என்றீர்கள்.

"அருமை! சரியாகச் சொன்னீர்கள்!" என்றார் டீச்சர்.

நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். "தெரியலைன்னு சொன்னதுக்கே அருமைங்கறாங்க பாரு. என்ற வாத்தியாரா இருந்தா தோலை உரிச்சிருப்பாரு."

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் ரேங்க் கார்டை நீட்டும்போதெல்லாம் "கண்ணாடி இல்ல கண்ணு, நீயே படி" என்று சொன்னவரிடம் கண்ணாடி என்ற ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. அன்னூரில் இரண்டாம் வகுப்போடு உங்களைக் கடலைக்காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னீர்கள்.

மறுநாளும் உட்கார்ந்தீர்கள். அதற்கு அடுத்த நாளும். டிவியில் வருவது முன்பே பிடித்த படம் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு பெண்பிள்ளை நின்று கேட்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க உங்களுக்கு வரவில்லை. "ஆமாங்க டீச்சர்." "மூணுங்க டீச்சர்." தப்பாகச் சொன்ன நாட்களில் அவர் 'அருமை' என்றால் உங்கள் முகம் வாடிவிடும். "நாம அஞ்சுன்னல்ல சொன்னோம். மனசு நோவக்கூடாதுன்னு சரின்னுபோட்டாங்க" என்று, அடுத்த பாடத்துக்கு இன்னும் கிட்டே நகர்ந்து உட்காருவீர்கள்.

அம்மா விடுவாளா? மில்லிலிருந்து வந்து தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டியபடியே, "ஏனுங்க, அந்தப் பொட்டி உங்களுக்கு மார்க்குப் போட்டுச்சா?" என்பாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, "எங்கூட்டுல ஒண்ணாவது படிக்கறவருக்கு மீசை நரைச்சுப்போச்சு" என்பாள். நீங்கள் கோபப்படவே இல்லை. "கேட்டவங்களுக்குப் பதில் சொல்ல வேண்டாமா?" அவ்வளவுதான் சொல்வீர்கள்.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊரடங்கெல்லாம் முடிந்து, அம்மாவுக்கு மருந்து வாங்கப் போனோம். ஒரு பஸ்ஸின் முன்னால் நின்றுவிட்டீர்கள். உதடு அசைந்தது. "ப… ல்… ல… ட… ம்." பிறகு அந்தக் கூட்டமே திரும்பிப் பார்க்கும்படி, "பல்லடம்!"

கண்டக்டர், "ஆமாங்க, பல்லடந்தான். ஏறுங்க ஏறுங்க" என்றார்.

"ஏறறதுக்கில்லீங்க. படிச்சேன், அவ்வளவுதானுங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, கத்த வேண்டும் போலவும் இருந்தது. வீடு வரும்வரை கடைப் பலகை ஒன்றையும் விடவில்லை நீங்கள். மருந்துக்கடையில் ஆரம்பித்து கோழிக்கடை வரை. அன்று இரவு அம்மா மருந்துச்சீட்டை என்னிடம் நீட்டினாள். நீங்கள் குறுக்கே கையை நீட்டி வாங்கி, "சாப்பிட்ட பின்" என்று எழுத்துக் கூட்டிப் படித்தீர்கள். அம்மா கேலி பேசவில்லை. உங்கள் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள்.

நான் ஏழாவது படிக்கும்போது நீங்கள் போய்விட்டீர்கள். அன்று சமூக அறிவியல் வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்ல நான் எழுந்து நின்றிருந்தேன். பாதிப் பதிலில் பியூன் வாசலில் வந்து என் பெயரைச் சொன்னார். உங்களுக்கு நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன்பிறகு வகுப்பில் நான் பதில் சொல்லவே இல்லை அப்பா. இரண்டு வருஷமாக. விடை தெரிந்திருக்கும். எழுந்தால் கண் வாசலுக்குப் போய்விடும். வாயைத் திறந்தால் யாரோ கெட்ட செய்தியோடு வந்து நிற்பார்கள் என்று பயம். எழுதுகிற பரீட்சையில் நல்ல மார்க் வாங்குவதால் டீச்சர்களும் விட்டுவிட்டார்கள்.

போன மாதம், பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் டிவி நிகழ்ச்சி என்று எங்கள் பள்ளியில் சீட்டுக் குலுக்கினார்கள். என் பெயர் வந்தது. முடியாது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, அதுதான் வேடிக்கை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளியில் படம்பிடித்தார்கள். மூன்றாம் வகுப்புக் கணக்கு. அரை, கால். மேசையில் இரண்டு தேங்காய்.

முதல் தடவை, பெயரைச் சொன்னதோடு நின்றுவிட்டேன். கண் வாசலுக்குப் போனது. இரண்டாவது தடவையும் அப்படியே. கேமரா அண்ணன், "பாப்பா, அங்க யாருமில்ல. இங்க பாரு, இந்தச் சிவப்பு லைட்டுக்குப் பின்னாடி ஒருத்தர் உக்காந்திருக்கார்னு நெனச்சுக்க" என்றார்.

யாரை நினைத்திருப்பேன்? காலை மடித்து, ரிமோட்டைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, தெரிந்ததைச் சொல்லத் தயாராக நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்குச் சொல்லித்தர எனக்கென்ன பயம்? தேங்காயை உடைத்தேன். "ரெண்டு தேங்காயை உடைச்சா எத்தனை மூடி? சொல்லுங்க பார்க்கலாம்." கேட்டுவிட்டு நின்றேன்.

"என்ன பாப்பா, மறுபடி மறந்துட்டியா?" என்றார் கேமரா அண்ணன்.

"மறக்கலீங்கண்ணா. ஊட்டுல இருக்கறவங்க பதில் சொல்லோணுமுங்க. அவங்களுக்கு நேரம் வேணுமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பொறுப்பாக இருந்த மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் நின்னுக்க" என்றார். ஆனாலும் அதை வெட்டிவிடுவார்களோ என்று இத்தனை நாளும் எனக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. வெட்டினால் உங்கள் இடம் போய்விடும்.

இன்று சாயங்காலம் நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அம்மா டிவி முன்னால் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். டிவியில் நான் வந்தேன். சடை சரியாகத்தான் இருந்தது. தேங்காய் உடைந்தது. "எத்தனை மூடி? சொல்லுங்க பார்க்கலாம்." நின்றேன். வெட்டவில்லை அப்பா! ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினேன். முறத்தின் சத்தம் நின்றது.

"நாலுங்க டீச்சர்" என்றாள் அம்மா.

"அருமை! சரியாச் சொன்னீங்க!" என்றேன் நான், டிவியிலிருந்து.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. குரலில் மட்டும் பழைய அதட்டல். "என்ன புள்ள அப்படிப் பாக்கறே? கேட்டவங்களுக்குப் பதில் சொல்ல வேண்டாமா?"

டார்ச் மங்குகிறது. நாளை முதல் வகுப்பே கணக்கு. கண் வாசலுக்குப் போகும், தெரியும். போகட்டும். டீச்சர் கேட்டால் எழுந்து நிற்பேன். விடை தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டால், வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி, "தெரியலீங்க டீச்சர்" என்பேன்.