நாற்பத்தெட்டு மணியா நிமிடமா என்று எழுதப்படாதது குறித்து

அனுப்புநர்
உதவியாளர், கணினிப் பிரிவு,
பொது மருத்துவமனை.

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: பதிவு எழுத்தருக்கு வழங்கிய குறிப்பாணையைத் திரும்பப் பெறவும், மென்பொருள் விளக்கப் பக்கத்தைத் திருத்தக் கேட்டு எழுத அனுமதிக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. திங்களன்று தங்கள் அறையில் நடந்த விசாரணையில் நான் சொல்லாமல் விட்டது இது: பதிவு நீங்கக் காரணமான எண்ணை மென்பொருளில் இட்டது நான். "நான் எதையும் அழிக்கலைங்க சார், எனக்கு அழிக்கவே தெரியாது" என்று எழுத்தர் அக்கா சொன்னபோது பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

2. டயாலிசிஸ் முறைப்பதிவுக்கு நாம் பயன்படுத்துவது, தன்னார்வலர்கள் எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்துள்ள மென்பொருள். உறுதி செய்யாத பதிவை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பதற்கு அதில் ஓர் அமைப்பு (செட்டிங்) உண்டு. விளக்கப் பக்கத்தில் அதற்கு எழுதியிருப்பது "எண்ணை இடவும்" என்பது மட்டுமே. அதற்கு மேலேயும் கீழேயும் உள்ள அமைப்புகள் மணிக்கணக்கில் இருந்ததால், இரண்டு நாள் என்று நினைத்து 48 என இட்டேன். மென்பொருள் அதை நிமிடமாக எடுத்துக்கொண்டது.

3. சென்ற வாரம், நான் அதை இட்ட அன்று மாலை, இங்கே டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு வேன் ஓட்டுநர் தம் முறையைப் புதனிலிருந்து வியாழனுக்கு மாற்றினார். அக்கா பதிந்தார். ஒரு மணி நேரத்துக்குள் பதிவு தானாக நீங்கிவிட்டது. மறுநாள் காலை திரையில் உள்ள பெயர்களைப் பார்த்துத்தான் தொலைபேசியில் உறுதி கேட்பது வழக்கம். இல்லாத பெயரை யாரும் அழைக்கவில்லை. வியாழனன்று அவர் வந்தபோது இயந்திரம் காலியில்லை. சனிக்கிழமை மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவில் சேர்ந்தார், இப்போது தேறிவருகிறார். பதிந்தவர் பெயரிலேயே நீக்கத்தையும் மென்பொருள் குறித்துவிடுவதால் பழி அக்கா மேல் விழுந்தது.

4. சோதனைக் கணினியில் அதே எண்ணை இட்டுப் பார்த்தேன். நாற்பத்தெட்டாம் நிமிடம் பதிவு மறைந்தது. கணினித் திரையின் படநகல்களை இணைத்துள்ளேன். பக்கம் தெளிவாக இல்லை என்பது உண்மை. இந்தச் சோதனையை முதலிலேயே செய்யாதது என் தவறு.

5. அக்காவின் ஒப்பந்தம் இம்மாதத்தோடு முடிகிறது. கோப்பில் குறிப்பாணை இருந்தால் அதைப் புதுப்பிக்க மாட்டார்கள். அவர் வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவரே. ஆகவே அதைத் திரும்பப் பெற்று, விளக்கம் கேட்பதானால் என்னிடம் கேட்குமாறு வேண்டுகிறேன். அனுமதியின்றி வெளியே எழுதக்கூடாது என்ற விதி இருப்பதால், தன்னார்வலர்களுக்கு மருத்துவமனையின் பெயரில் எழுதவும் அனுமதி வேண்டும். இன்று வேறொரு மருத்துவமனையில் யாரோ இதே பக்கத்தைப் பார்த்து எண்ணை இட்டுக்கொண்டிருக்கலாம்.

நாள்: 19, புதன்
இடம்: கணினிப் பிரிவு, முதல் தளம்

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
உதவியாளர்

என் நகலில் பின்னர் குறித்தது: 27ஆம் தேதி குறிப்பாணை திரும்பப் பெறப்பட்டது. எனக்கு ஒன்று வந்தது. விளக்கப் பக்கத்தில் "நிமிடங்களில்" என்று சேர்த்துவிட்டார்கள். அக்கா பதிவு மேசையில் இருக்கிறார். என்னோடு பேசுவதில்லை.