வருந்துகிறேன் என்று ஒரு படிவம்

அன்புள்ள அம்மா,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஜெர்மன் குளிர் பழகிவிட்டது. மனிதர்கள்தான் இன்னும் பழகவில்லை.

போன வாரம் அகதி அலுவலகத்தில், என் மனுவுக்கு அடையாளச் சான்றாகப் பாஸ்போர்ட் கேட்டார்கள். அது வேண்டுமென்றால் நம் எரித்திரியத் தூதரகத்தில், படையை விட்டு ஓடியதற்கு வருந்துகிறேன், தரும் தண்டனையை ஏற்கிறேன் என்று கையெழுத்திட வேண்டும்.

மொழிபெயர்க்க வந்தவரும் நம் நாட்டவர்தான், அஸ்மாராக்காரர். “ஒரு கையெழுத்துதானேம்மா? இவ்ளோ ரோஷக்காரி எதுக்கு ஓடி வந்தே?” என்று சிரித்தார்.

“துப்பாக்கி தூக்க மாட்டேன்னதுக்கு எட்டு மாசம் இரும்புக் கன்டெய்னர்ல அடைச்சாங்கண்ணே. முதல்ல அவங்க வருந்தட்டும்” என்றேன். அதை அவர் மொழிபெயர்க்கவில்லை. என் அரைகுறை ஜெர்மனில் நானே சொன்னேன். அதிகாரி முகம் நிமிராமல், ஒரு மாதத்துக்குள் வேறு சான்று தராவிட்டால் மனு தள்ளுபடி என்றார்.

கவலைப்படாதீர்கள். குழம்பு வைக்கக் கொஞ்சம் ஷிரோ கடலைமாவு அனுப்புங்கள். வீட்டில் எல்லோரும் கூடிக் குடிக்கும் காப்பியின் மூன்று சுற்றையும் இங்கே நானே ஊற்றி, நானே குடிக்கிறேன்.

அதோடு, மரியம் தேவாலயத்தில் என் ஞானஸ்நானச் சான்றை வாங்கி உடனே அனுப்புங்கள். அதை ஏற்பார்களாம். பாதிரியார் எதற்கென்று கேட்டால், விஷயம் அரசாங்கத்தின் காதுக்குப் போகாதபடி, கல்யாணத்துக்கு என்று சொல்லுங்கள். அந்தப் பொய்க்கு வேண்டுமானால் நான் வருந்திக் கையெழுத்திடுகிறேன்.

பஸ் வந்துவிட்டது.

லுவாம்