மூக்கில் கொம்பு வைத்த சக்களத்தி

என்னங்க, என் ராசாவே,

உங்களோடு சண்டை போட்டு ஒரு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

உங்கள் ஓணான் கிடைத்துவிட்டது.

இறம்பொடையில் நீங்கள் ஆட்டோ ஓட்டினீர்கள், நான் அருவிக்குப் பக்கத்தில் டீக்கடை போட்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம் அள்ளும். அன்றைக்குத்தான் நீங்கள் தேயிலை மலைக்கு மேலே இருக்கிற காட்டுக்குப் போய்விடுவீர்கள். சின்ன வயதில் ஒரே ஒரு தடவை பார்த்த ஓணானைத் தேடி. விரல் நீள உடம்பு, அதைவிட நீளமாக வால், மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு. ஆராய்ச்சிக்காரர்களும் தேடிப் பார்த்துவிட்டு, இந்த மலையில் அது இனி இல்லை என்று விட்டுவிட்டார்கள். நீங்கள் மட்டும் விடவில்லை.

கல்யாணமான புதிதில், "அப்புடி யாரத்தான் பாக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"நீ பாத்தா ஒனக்கும் புடிக்கும்," என்றீர்கள். அன்றைக்கே எனக்கு அதைப் பிடிக்காமல் போய்விட்டது.

நெஞ்சு வலி என்று நுவரெலியா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "மழ விட்டுருச்சா? வெயில் வந்தா அது வெளிய வரும்," என்றுதான் சொன்னீர்கள். அதற்குப் பிறகு பேசவேயில்லை. என் பேரைச் சொல்லியிருக்கக் கூடாதா?

போன மழைக்காலம் முடிந்ததும் கௌசி வந்தாள். உங்களோடு காட்டுக்கு வருவாளே, பல்கலைக்கழகத்தில் படிக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அவள்தான். போனை நீட்டினாள். பாசி பிடித்த மரத்தில் ஒட்டிக்கொண்டு, கொம்பும் தானுமாக அது இருந்தது. "அண்ணை தேடினது இதைத்தான் அக்கா. ஓடைக்கு அங்கால இருந்திருக்கு," என்று சொல்லி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

"காட்டுக்குள்ள அண்ணை பாடிக்கொண்டுதான் வருவார். இண்டைக்கு அந்தச் சத்தம் இல்லாமல் ஒரு மாதிரிக் கிடந்தது," என்றாள்.

நீங்கள் பாடுவீர்களா? நம் வீட்டில் ஒரு நாள் பாடியதுண்டா? அந்தப் பிள்ளை முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஓணானைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாள். நான் போகவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் வேனில் இரண்டு பேர் வந்து டீ கேட்டார்கள். காலில் போட்டிருந்த சப்பாத்தெல்லாம் காட்டுச் சேறு. ஒருத்தன் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, இந்த மலையில கொம்பு ஓணான் இருக்காமே. இன்னும் எந்தப் பக்கம் கெடைக்கும்னு தெரியுங்களா?"

பை வாய் திறந்திருந்தது. உள்ளே முடிச்சுப் போட்ட காலுறை ஒன்று மெதுவாக நெளிந்தது.

பொய் சொல்ல மாட்டேன். போகட்டுமே, தொலைந்தது என்று ஒரு நிமிசம் இருந்துவிட்டேன். அடுத்த நிமிசம் பொறுக்க முடியவில்லை. என் சக்களத்தியைத் திட்டுவதற்கு எனக்குத்தான் பாத்தியதை. எவனோ வந்து காலுறையில் கட்டிக்கொண்டு போவதா?

"குந்துங்க தம்பி, சுடச்சுட வட போடுறேன்," என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கௌசிக்கும் உங்கள் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் போன் போட்டேன். அவள் வனஜீவராசி அதிகாரிகளுக்குச் சொன்னாள். வடையை மெதுவாகத்தான் சுட்டேன். அவர்கள் சந்தேகப்பட்டு எழுந்து வேனில் ஏறியபோது, உங்கள் ஸ்டாண்ட் ஆட்கள் ஆட்டோக்களைக் குறுக்கே போட்டு ரோட்டை அடைத்துவிட்டார்கள். "அண்ணி சொன்னாத்தான் எடுப்போம்," என்றார்கள். ஜீப் வரும்வரை நான் சொல்லவில்லை.

காலுறையில் இரண்டு இருந்தன. ஒன்று செத்துப்போயிருந்தது. மற்றதைக் கொண்டுபோய் விடக் கௌசி என்னையும் கூப்பிட்டாள். அதிகாரிகள் முன்னால் நடக்க, முதல் தடவையாக நான் உங்கள் காட்டுக்குள் போனேன். மரத்தடியில் வைத்து அதை என் கையில் ஏற்றிவிட்டாள். குளிர்ந்த நகத்தால் என் விரலைப் பிடித்துக்கொண்டது. ஒரு கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தது. அழகாகத்தான் இருந்ததுங்க. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெளிநாட்டில் விற்கத்தான் பிடித்தார்களாம்; வழக்கு நடக்கிறது. சாட்சி சொல்ல நுவரெலியா கோர்ட்டுக்குப் போனேன். எதிர்த்தரப்பு வக்கீல் சிங்களத்தில் ஏதோ கேட்டார். "அந்தப் பிராணிக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. எங்க வீட்டுக்காரருக்குத்தான் சம்பந்தம்," என்றேன். இதை எப்படிச் சிங்களத்தில் சொல்வது என்று அந்த மனுசன் தவித்துப்போனார்.

இப்போது ஸ்டாண்ட் ஆட்கள் முறை வைத்துக் காட்டு வழியில் காவல் இருக்கிறார்கள். தெரியாத வேன் வந்தால் எனக்குச் சொல்லிவிடுவார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் குட்டிகளைப் பார்த்ததாகக் கௌசி சொல்கிறாள். பெருகட்டும். எனக்கென்ன.

என் உயிர் இருக்கிறவரை அதை ஒருத்தனும் தொட விடமாட்டேன். இது சத்தியம். ஆனால் நான் அங்கே வருகிற அன்றைக்கு, அதுகள் எப்படி இருக்கின்றன என்று எடுத்த எடுப்பில் கேட்டுவிடாதீர்கள். முதலில் என்னைக் கேளுங்கள்.

இன்னும் கோபம் தீராத
உங்கள் பொண்டாட்டி,
சரசு